"ஒண்ணுமில்லைங்கறாங்க, ஆனா தூக்கமே இல்லீங்க"

கேள்வி:

டாக்டருங்களுக்கு வணக்கம். நாங்க நாமக்கல் மாவட்டத்துல கூலிக்குத் தறி ஓட்டிப் பொழைக்கறவங்க. எனக்கு 39 வயசு, வீட்டுக்காரருக்கு 45. மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் செஞ்சதுல ஆரம்பிச்ச கடன், புள்ளையோட காலேஜ் ஃபீஸும் சேர்ந்து இப்ப மூணே முக்கால் லட்சத்துல நிக்குது. ரெண்டு குழுக் கடன், பட்டறை முதலாளிகிட்ட வாங்கின முன்பணம், அடகுக் கடையில தாலிக்கொடி, அப்புறம் 20,000 ரூபாய்க்குப் பத்து வட்டி. ஒரு வருசமா இவருக்குப் பின்மண்டை வலி, நெஞ்செரிச்சல். ராத்திரி 2 மணிக்கு முழிச்சா விடியற வரைக்கும் உட்கார்ந்தே இருக்கார். போன் அடிச்சா கை நடுங்குது. பிரஷர் 160/100. இசிஜி, வயித்து ஸ்கேன் எல்லாம் எடுத்துட்டு "ஒண்ணுமில்லை, மனசை அமைதியா வச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டாங்க. ஒரு மாசத்து மாத்திரை ரெண்டு மாசத்துக்கு வரட்டும்னு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறார். எனக்கும் மூணு மாசமா மாதவிலக்கு வரலை, கழுத்து இறுகிக் கிடக்குது. கடனால உடம்புக்கு இப்படியெல்லாம் வருமா, இல்லை எங்க பிரமைதானா? இன்னொண்ணு, சொல்லவே கூச்சமா இருக்குதுங்க. ஒரு கிட்னி குடுத்தா அஞ்சு லட்சம் கிடைக்கும், ஒண்ணு இருந்தாலே ஆளுக்குப் போதும்னு ஒருத்தர் வந்து இவர்கிட்டப் பேசிட்டுப் போயிருக்கார். "நான் இருந்து என்னத்தப் பண்றேன், இதையாவது பண்றேன்"ங்கறார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைங்க.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி நாலு வரியிலிருந்து தொடங்குகிறேன். தலைவலிக்கும் நெஞ்செரிச்சலுக்கும் ஒரு வாரம் அவகாசம் இருக்கிறது. அந்த நாலு வரிக்கு இல்லை.

கிட்னி கொடுக்க வேண்டாம். ஒரு மருத்துவனாக இதை யோசனை என்று சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கிட்னியோடு வாழலாம் என்பது பொய்யில்லை. அம்மா மகனுக்குக் கொடுக்கிறாள், அக்கா தம்பிக்குக் கொடுக்கிறாள், பல வருடம் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் அவர்களை வாரக்கணக்கில் சோதித்து, பிரஷர் இல்லை, சுகர் இல்லை, சிறுநீரில் புரதம் போகவில்லை என்று உறுதி செய்த பிறகே எடுக்கிறார்கள். அதன் பிறகும் ஆயுசுக்கும் கண்காணிக்கிறார்கள். 160/100 பிரஷரோடு, மாத்திரையும் சரியாகப் போடாத ஒருவரிடம் கிட்னி எடுக்க நேர்மையான எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார். பேசிவிட்டுப் போன ஆள் இவருடைய பிரஷர் எவ்வளவு என்று கேட்டாரா? கேட்டிருக்கமாட்டார். உயர்ந்த பிரஷரின் அடி முதலில் விழும் உறுப்புகளில் கிட்னியும் ஒன்று. இரண்டாகச் சேர்ந்து தாங்கிக்கொண்டிருக்கும் பாரத்தை நாளைக்கு ஒன்று மட்டும் தாங்க வேண்டியிருக்கும்.

கடனாவது தீருமா? இதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2001-ல் சென்னையில், கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். ஆய்வு அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைக்கத்தான். விற்றுச் சில வருடங்கள் கழித்தும் அவர்களில் நாலில் மூன்று பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடம்பு முன்போல் இல்லை என்று நூற்றுக்கு 86 பேர் சொன்னார்கள். வேறு யாரையும் இதைச் செய்யச் சொல்லமாட்டோம் என்றவர்கள் 79 பேர். வருமானம் ஏன் குறைந்தது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விலாவில் தையல் வலியோடு, நூல் சுற்றிய பாவு பீமைத் தூக்கிப் பாருங்கள், ஒரு ஷிப்ட் நின்று தறி ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

உங்கள் பக்கத்தில் இது புதிதும் இல்லை. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்களிடம் கிட்னி வாங்கிய விவகாரம் வெடித்து, அரசு விசாரணை நடந்து, உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்குப் போனது. 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பைக் காசுக்கு வாங்குவது, விற்பது, அதற்கு ஆள் பிடிப்பது எல்லாமே குற்றம். குறைந்தது 5 ஆண்டு சிறை, 20 லட்சத்துக்குக் குறையாத அபராதம். விற்பவரையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. அந்த ஆள் மறுபடி வந்தால் உள்ளே விடாதீர்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவேண்டாம், ஆதார் நகல் கொடுக்கவேண்டாம்.

அடுத்தது, "நான் இருந்து என்னத்தப் பண்றேன்" என்ற சொல். இதை அலுப்பில் வந்த பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். இன்று ராத்திரியே, பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது, நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" அப்படிக் கேட்டால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. இருக்கிற நினைப்பை இறக்கிவைக்க ஒரு இடம் கிடைக்கும். ஆமாம் என்றாலோ, பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ, அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எந்த நேரமும் தமிழிலேயே கிடைக்கும், கட்டணம் இல்லை. 104-லும் பேசலாம். மறுநாள் காலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. கடனால் உடம்புக்கு வருமா? வரும். உங்கள் இருவருக்கும் வந்திருக்கிறது. பிரமை இல்லை.

ஒரு நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாய் காயும், கை நடுங்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். ஓடுவதற்குத் தெம்பு வேண்டுமே என்று கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். அட்ரினலின், கார்டிசால் என்ற இரண்டு சுரப்புகள் செய்யும் வேலை இது. நாய் போனதும் பத்து இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். உடம்பு இதற்குப் பழகியதுதான். ஆனால் கடன் என்பது வாசலைவிட்டுப் போகாத நாய். செவ்வாய்க்கிழமை ஒரு குழு, வெள்ளிக்கிழமை இன்னொன்று, மாதம் பிறந்தால் வட்டிக்காரர். இடையில் எந்த நாளில் அடங்குவது? ஒரு தறியை எண்ணெய் போடாமல், நிறுத்தாமல், மாதக்கணக்கில் ஓட்டினால் எங்கெல்லாம் தேயும் என்று உங்கள் வீட்டுக்காரரே சொல்லுவார். சுருங்கிய ரத்தக் குழாய் விரிய மறுக்கிறது, கிட்னி உப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, பிரஷர் மேலேயே நின்றுவிடுகிறது. தோளும் கழுத்தும் எந்நேரமும் முறுக்கியபடி இருப்பதால் உங்களுக்குக் கழுத்து இறுகுகிறது, அவருக்குப் பின்மண்டை வலிக்கிறது. ராத்திரியில் குறைந்திருக்க வேண்டிய கார்டிசால் குறையாமல் நிற்கிறது. கொஞ்சம் தூக்கம் கலைந்ததும் அவர் முழுதாக விழித்து, கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறார்.

2004-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 52 நாடுகளில் முதல்முறை மாரடைப்பு வந்த 11,000-க்கும் மேற்பட்டவர்களை, வராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாரடைப்பு வந்தவர்களிடம் கடுமையான பண நெருக்கடி கூடுதலாக இருந்தது. நம் நாட்டவர்களும் அதில் உண்டு.

என் ஓ.பி.யில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். என் ஊரும் தறிச் சத்தம் கேட்கிற ஊர்தான். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் அளந்தேன், மேல் எண் 146. மறுபடி ஒருமுறை அளப்பது வழக்கம் என்பதால் பட்டையை அவிழ்க்கவில்லை. அதற்குள் அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மேசையில் கவிழ்த்துவைத்தார். அது மேசைமேல் அதிர்ந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. இரண்டாம்முறை அளந்தபோது 174. அவர் நாற்காலியைவிட்டு அசையவேயில்லை. யார் போன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

இதே மனிதரிடம் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். பிரஷர் குறையவில்லை என்று அவருக்கு 5 மில்லிகிராம் மாத்திரையைப் பத்தாக்கினேன். அதற்கும் குறையவில்லை என்று இன்னொரு மாத்திரை சேர்த்தேன். சில மாதம் கழித்து, தங்கை வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்துவிட்டார். தங்கை ஒழுங்காக வேளாவேளைக்கு எல்லா மாத்திரையையும் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் மனைவி மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். பத்துக் குழியில் ஒன்று விட்டு ஒன்று கிழிந்திருந்தது. பின்பக்கத்து வெள்ளித் தகட்டில் பேனாவால் தி, பு, வெ என்று எழுதியிருந்தது. வாரம் மூன்று நாள் போட்டுக்கொண்டிருந்தவருக்கு நான் ஏழு நாளைக்கும் போடுகிறார் என்று நினைத்து மருந்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். "மாத்திரை வாங்க முடியுதா?" என்ற ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மனிதர் விழுந்திருக்கமாட்டார். இப்போது பிரஷரை அளப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுகிறேன்.

அதனால்தான் உங்களைத் தேற்றிய அந்த "ஒண்ணுமில்லை"யோடு எனக்கு உடன்பாடில்லை. இசிஜி சரியாக இருந்தால், எடுத்த அந்த நேரத்தில் இதயத்தில் பெரிய கோளாறு தெரியவில்லை என்று பொருள். 160/100 என்பது ஒன்றுமில்லாத சங்கதி இல்லை. மனசை அமைதியாக வைத்துக்கொள் என்று மூணே முக்கால் லட்சம் கடன்காரரிடம் சொல்வது வைத்தியமும் இல்லை.

கடன் உடம்புக்குள் வருவதற்கு இரண்டு வழி. ஒன்று, மேலே சொன்ன சுரப்புகள். இன்னொன்று, தவணைக்குப் பணம் சேர்க்க நாம் உடம்பிலிருந்து வெட்டிக்கொள்ளும் செலவுகள். மாத்திரையைப் பாதியாக்குவது, காலைச் சாப்பாட்டை டீயும் பன்னுமாக முடிப்பது, கூடுதல் ஷிப்டுக்காகத் தூக்கத்தை விடுவது, தலைவலிக்கு ஆஸ்பத்திரி போகாமல் மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்குவது. என் அனுபவத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான். உங்கள் கையில் இருப்பதும் இதுதான். கடன் தீர வருடங்கள் ஆகலாம். இதை நாளைக்கே நிறுத்தலாம்.

பிரஷர் மாத்திரைக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீடு தேடிவந்தே கொடுக்கிறார்கள். தறிக்குப் போகிறவர் ஓ.பி. நேரத்தில் வரமுடியாது என்றால் அங்குள்ள செவிலியரிடம் சொல்லிப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஒன்று கவனம்: இவ்வளவு நாள் பாதி போட்டவர் நாளைக்கே முழுதாகத் தொடங்குவதற்குமுன், பாதிதான் போட்டேன் என்பதை டாக்டரிடம் சொல்லி, அளவை முடிவு செய்துகொள்ளட்டும். இல்லையென்றால் என் நோயாளிக்கு நடந்தது அவருக்கும் நடக்கும். கூடவே சுகர், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இதற்கும் காசு இல்லை.

பின்மண்டை வலிக்கு என்ன மாத்திரை போடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் என்றால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அவை பிரஷரை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும், வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பையைப் புண்ணாக்கும். அவருடைய நெஞ்செரிச்சலுக்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தி, வேர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலும், வாய் கோணினாலும், ஒரு பக்கம் கைகால் தளர்ந்தாலும் 108-ஐ அழையுங்கள். "கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டு விடியட்டும் என்று உட்காரவேண்டாம்.

நீங்கள். கடிதத்தில் உங்களுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். கடுமையான கவலையில் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற சுரப்புகளின் ஒழுங்கு கெட்டு மாதவிலக்கு தள்ளிப்போவது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் கவலையின் தலையில் போட்டுவிட முடியாது. முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு ஹீமோகுளோபின், தைராய்டு. எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரேஷன் அரிசியும் பருப்பும் வாரத்தில் சில நாள் முட்டையும் கீரையும் உங்கள் தட்டிலும் இருக்கட்டும். அவருக்குக் கருவாடு, அப்பளம், ஊறுகாயை மட்டும் குறையுங்கள்.

அவர் முன்போல் தெளிவாக முடிவெடுப்பதில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அது அவர் குணம் மாறியதால் இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. வெட்டுக்கு முன், நகையெல்லாம் அடகில் கிடந்து கையில் காசில்லாத நாளில் அவர்களுக்குச் சில யோசனைப் பரீட்சைகள் வைத்தார்கள். வெட்டு முடிந்து பணம் வந்த பிறகு அதே மாதிரிப் பரீட்சையை அதே ஆட்களுக்கு வைத்தார்கள். காசு வந்த பிறகு நன்றாகச் செய்தவர்கள், காசில்லாத நாளில் தடுமாறியிருந்தார்கள். பணக் கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது, மிச்சத்தில்தான் மற்ற யோசனையெல்லாம் நடக்கவேண்டியிருக்கிறது. கிட்னி யோசனை அந்த மிச்சத்தில் பிறந்ததுதான். ராத்திரி 2 மணிக்கு எந்த முடிவும் எடுப்பதில்லை என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். போனை அணைத்து, படுக்கிற இடத்தைவிட்டு வேறு இடத்தில் வையுங்கள். குழுக் கடன் கொடுக்கும் சிறுகடன் நிறுவனத்தினர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அணைத்துவைப்பதில் குற்றவுணர்வு வேண்டாம்.

கடனை எப்படி அடைப்பது என்று சொல்ல நான் வங்கி அதிகாரி இல்லை. ஆனால் உடம்போடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. சிங்கப்பூரில் நெடுநாள் கடனில் இருந்த ஏழைக் குடும்பத்தார் 196 பேருடைய கடன்களை ஒரு தொண்டு நிறுவனம் அடைத்தது. முன்னும் பின்னும் அவர்களைச் சோதித்துப் பார்த்து 2019-ல் எழுதினார்கள். பதற்றம் குறைந்தது, யோசனை தெளிந்தது. இதில் என்னைக் கவர்ந்தது, அடைத்த தொகை ஒரே அளவாக இருந்தாலும், அதிக எண்ணிக்கையில் கடன்கள் மூடப்பட்டவர்களுக்கே கூடுதல் நிம்மதி வந்தது என்பது. ஐந்து பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதைவிட ஒருவர் பேரை முழுதாக அடித்துவிடுவது மனதுக்கும் உடம்புக்கும் மருந்தாக இருக்கிறது.

உங்கள் கணக்கில் அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 20,000 ரூபாய்க்குப் பத்து வட்டி என்றால் மாதம் 2,000. வருடத்துக்கு 24,000 கொடுத்தும் அசல் அப்படியே நிற்கும். உங்களைப்போன்ற ஒரு குடும்பம், அடகுக் கடையில் இருந்த நகையை உறவினர் உதவியோடு ஒரு நாள் மீட்டு, கூட்டுறவு வங்கியில் மறுபடி வைத்தது. தங்கம் விலை ஏறியிருந்ததால் பழைய அடகுத் தொகைக்குமேல் கிடைத்தது. அதில் வட்டிக்காரரை முடித்துவிட்டார்கள். உங்கள் தாலிக்கொடிக்கும் அப்படி வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பணம் கட்டும்போது கொடுத்துவைத்த புரோநோட்டையும் காசோலையையும் கையோடு திருப்பி வாங்காமல் வரவேண்டாம்.

வட்டிக்காரர் மிரட்டினால், தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை உண்டு. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். 15100-ல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். குழுக் கடனைப் பொறுத்தவரை, ஒரு குடும்பத்தின் மாதத் தவணை எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. உங்கள் இருவர் கூலியையும் தவணைகளையும் கூட்டிப் பாருங்கள். தாண்டியிருந்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துத் தவணையைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். அவர்கள் முறைகேடாக நடந்தால் ரிசர்வ் வங்கியின் 14448.

ஒரு விஷயம் படித்ததிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் கடன் ஆபரேஷனில் தொடங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. மாமியாருக்கு அட்டை இருந்ததா, இருந்தும் யாரும் சொல்லவில்லையா என்று தெரியவில்லை. போனது போகட்டும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துப்போய் கலெக்டர் ஆபீசில் பதிந்து, அட்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரத்தில் ஒரு நாள் இருவரும் சேர்ந்து ஜி.எச். போங்கள். ஒரு நாள் கூலி போகும், தெரிந்தேதான் சொல்கிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: கடன் இவ்வளவு இருக்கு, தூக்கம் இல்லை, மாத்திரை பாதிதான் போட்டார். அரை நிமிடம் போதும். மாத்திரை அட்டைகளை மறக்காமல் எடுத்துப்போங்கள், தீர்ந்துபோன அட்டை இருந்தால் அதையும்.